படநூலின் வினாவும் குழந்தையின் விடையும்

1. முன்னுரை

எழுத்தறியாத அல்லது எழுத்தறியத் தொடங்கும் நிலையிலுள்ள குழந்தைகளுக்கெனப் படைக்கப்படும் படநூல்களுள் ஒரு வகை, கதையைச் சொல்லி முடிப்பதோடு அமைவதில்லை. அது குழந்தையை நோக்கி வினா எழுப்புகிறது. ஒன்றைத் தேடச் சொல்கிறது. கைதட்டவும் ஒலியெழுப்பவும் ஏவுகிறது. இவ்வாறு கேட்போரையும் கதையின் ஓர் உறுப்பாக்க முயலும் நூல்களைப் பங்கேற்புப் படநூல்கள் எனலாம். சென்னையில் 1996-இல் தொடங்கப்பெற்ற தூலிகா பதிப்பகமும், பெங்களூரில் 2004-இல் தொடங்கப்பெற்ற பிரதம் புக்ஸ் நிறுவனமும் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் வெளியிட்டுவரும் நூல்களில் இவ்வகையும் இடம்பெறுகிறது.

இத்தகைய நூல்களை மதிப்பிடுவோர் ஓவியத்தின் அழகையும் கதையின் கருத்தையும் விரிவாகப் பேசுவர். நூல் குழந்தையை எவ்வகைத் தொடர்களால் அழைக்கிறது என்பது மொழி நிலையில் ஆராயப்பெறுவது அரிது. பக்கத்துக்கு ஒரு கேள்விக்குறி இருந்தால் பங்கேற்பு நிகழ்ந்துவிடும் என்னும் எண்ணமும் உண்டு. வினா அமைவதால் மட்டும் பங்கேற்பு நிகழ்வதில்லை. அவ்வினா எத்தனை வகை விடைகளுக்கு இடமளிக்கிறது, அவ்விடையைக் குழந்தை தன் பேச்சுமொழியில் தருவதற்கு நூல் இசைகிறதா என்னும் இரண்டுமே பங்கேற்பின் அளவுகோல்கள் என்பது இக்கட்டுரையின் கருத்து. பவணந்தி முனிவரின் நன்னூல் வகுத்துள்ள வினா, விடைப் பாகுபாடு இவற்றுள் முதல் அளவுகோலுக்கும், தமிழின் இரட்டை வழக்கு பற்றிய மொழியியல் கருத்துகள் இரண்டாவதற்கும் அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன.

2. பங்கேற்பின் மரபும் அச்சின் இடர்ப்பாடும்

கேட்போரைப் பங்கேற்கச் செய்தல் தமிழுக்குப் புதிதன்று. கதை கேட்பவர் தொடருக்குத் தொடர் 'உம்' கொட்டுதல் வாய்மொழி மரபின் அடிப்படை விதிகளுள் ஒன்று. 'உம்' நின்றுவிட்டால் கதை சொல்பவரும் நிறுத்திக் குழந்தை உறங்கிவிட்டதா என்று நோக்குவார். விடுகதையோ எதிரிலிருப்பவரின் விடையின்றி முற்றுப்பெறாத இலக்கிய வகை. பிள்ளைத்தமிழின் சப்பாணி, முத்தம், வருகை ஆகிய பருவங்கள் குழந்தையை முன்னிலைப்படுத்தி, கைகொட்டவும் முத்தந்தரவும் அருகில் வரவும் வேண்டுகின்றன.

புதியது அச்சு நூலே. வாய்மொழியில் கதை சொல்பவர், குழந்தையின் விடைக்கேற்பத் தம் அடுத்த தொடரை மாற்றிக்கொள்வார். அச்சிட்ட நூலின் அடுத்த பக்கமோ முன்னரே முடிவு செய்யப்பட்டது. எவ்விடை வரும் என்றறியாத நூல் அவ்விடைக்கு எவ்வாறு இடம் விட்டுவைப்பது என்பதே பங்கேற்புப் படநூலாசிரியர் எதிர்கொள்ளும் முதன்மையான இடர்ப்பாடு.

உலகப் படநூல்கள் இதற்குக் கண்ட தீர்வுகள் இரண்டினைச் சுட்டலாம். எரிக் ஹில் 1980-இல் வெளியிட்ட 'வேர்ஸ் ஸ்பாட்?' என்னும் நூலில் தாய்நாய் தன் குட்டியைத் தேடுகிறது. கதவு, பெட்டி முதலியன திறந்து மூடும் தாள்களாக அமைந்துள்ளன. குழந்தை தாளைத் திறந்தால் உள்ளே இருக்கும் விலங்கு 'இல்லை' என்கிறது. இரண்டு, மூன்று பக்கங்களுக்குப் பின் அந்த 'இல்லை'யைக் குழந்தையே முந்திச் சொல்லிவிட முடிகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் எர்வே துய்யே 2010-இல் வெளியிட்டு, ஆங்கிலத்தில் 'பிரஸ் ஹியர்' என்னும் பெயரில் பரவிய நூல் வேறொரு வழியைக் கைக்கொள்கிறது. அதிலுள்ளவை வண்ணப் புள்ளிகளே. அழுத்து, தேய், சாய், ஊது என நூல் ஏவுகிறது. அடுத்த பக்கத்தில் புள்ளிகள் மாறியிருக்கின்றன. அம்மாற்றம் தன் செயலால் விளைந்ததாகக் குழந்தை கொள்கிறது.

இரண்டும் திறம்பட்ட தீர்வுகளே. எனினும் முன்னையது ஒரே ஒரு சொல்லை எதிர்பார்க்கிறது. பின்னையது சொல்லையே எதிர்பார்ப்பதில்லை. குழந்தையின் கை நூலுக்குள் புகுகிறது. அதன் பேச்சு இன்னும் வெளியிலேயே நிற்கிறது.

3. ஆய்வுகள் காட்டுவன

படநூலை நடுவில் வைத்துத் தாயும் குழந்தையும் நிகழ்த்தும் உரையாடலின் அமைப்பை நீனியோ, புரூனர் ஆகிய இருவரும் 1978-இல் விளக்கினர். ஒரு தாயையும் குழந்தையையும் குழந்தையின் 8-ஆம் மாதம் முதல் 18-ஆம் மாதம் வரை தொடர்ந்து நோக்கிய அவ்வாய்வு, தாயின் கூற்றுகளை நான்காகப் பகுத்தது: கவனத்தை ஈர்க்கும் விளி, 'இது என்ன' என்னும் வினா, பெயரிடல், குழந்தையின் மறுமொழியை ஏற்றல். தமிழ் வீடுகளில் கேட்கும் 'இங்கே பாரு', 'இது என்ன?', 'யானை', 'ஆமாம், யானைதான்' என்னும் தொடர்வரிசையும் இவ்வமைப்பே.

ஒயிட்ஹர்ஸ்ட்டும் அவர்தம் குழுவினரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடுத்த படி. படித்துக்காட்டுவதைக் குறைத்துத் திறந்த வினாக்களை மிகுதியாகக் கேட்கவும், குழந்தையின் கூற்றை விரித்துரைக்கவும் பெற்றோர் பயிற்றப்பட்டனர். ஒரு மாதத்துக்குப் பின் அக்குழந்தைகளின் சொல்வெளிப்பாட்டுத் திறனும் தொடர்களின் சராசரி நீளமும் மற்றக் குழந்தைகளைவிட மிகுந்திருந்தன. ஒற்றைச் சொல் மறுமொழிகள் குறைந்திருந்தன. பிற்காலத்தில் 'உரையாடல்வழி வாசிப்பு' எனப் பெயர்பெற்ற முறைக்கு இதுவே தொடக்கம்.

ஷெர்லி பிரைஸ் ஹீத் 1982-இல் எழுதிய கட்டுரை இவற்றுக்கு ஓர் எல்லையை வகுத்தது. வினவுவோர் விடையறிந்தே வினவும் முறை எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவன்று என அவர் அமெரிக்கக் கரோலினாப் பகுதியின் மூன்று சமூகங்களை ஒப்பிட்டுக் காட்டினார். அவற்றுள் ஒன்றில் பெரியோர் குழந்தைகளிடம் விடை தெரிந்த வினாக்களை அரிதாகவே கேட்டனர். ஒன்று மற்றொன்றை எவ்வாறு ஒத்திருக்கிறது என்பது போன்ற வினாக்களுக்கு அக்குழந்தைகள் நன்கு விடையளித்தனர். பள்ளியோ முதல்வகை வினாவையே கேட்டது, குழந்தை பேசாதிருந்தது. அப்பேசாமை அறியாமையாகக் கணக்கிடப்பட்டது. வினா வகை பற்றிய ஆராய்ச்சி வெறும் இலக்கண ஆர்வத்தால் எழுவதன்று என்பதற்கு இதுவே போதிய சான்று.

4. நன்னூல் தரும் அளவுகோல்

வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என நன்னூல் ஆறாக வகுக்கிறது. இது தொடரின் வடிவம் பற்றிய பகுப்பன்று. வினவுவோரின் நோக்கம் பற்றிய பகுப்பு. இக்கால மொழியியலார் பேச்சுச் செயல் எனக் கூறுவதற்கு மிக நெருங்கியது.

படநூலிலுள்ள 'இது என்ன?' என்பது வடிவத்தால் அறியா வினா, நோக்கத்தால் அறிவினா. ஆசிரியன் மாணாக்கனை வினவுவது போன்றதே அது. 'மூலையில் இருப்பது பூனையா, பூனையின் நிழலா?' என்பது ஐய வினா. இங்கு நூலும் குழந்தையும் ஒரே நிலையில் நிற்கின்றன. 'இந்தக் குரங்குக்கு என்ன பெயர் வைக்கலாம்?' என்பதில் நூலுக்கு உண்மையிலேயே விடை தெரியாது. முதல்வகையில் குழந்தை தேர்வு எழுதுகிறது. பின்னைய இரண்டிலும் கதையை நடத்துகிறது.

விடைப் பாகுபாடு இதனினும் பயனுடையது. சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என விடை எட்டு வகைப்படும். ஒரு படநூல் ஆற்றின் படத்தைக் காட்டி, 'இதைத் தாண்டுவாயா?' என்று வினவுவதாகக் கொள்வோம். 'தாண்டுவேன்' என்பது நேர்விடை. 'மாட்டேன்' என்பது மறை. 'நீ தாண்டு' எனத் திருப்பி ஏவும் குழந்தையும் உண்டு, 'தாண்டாமல் இருப்பேனா?' என எதிர் வினவும் குழந்தையும் உண்டு. 'கால் வலிக்குது' என்பது உற்றதுரைத்தல். 'சட்டை நனைஞ்சுடும்' என்பது உறுவது கூறல். 'நீந்துவேன்' என்பது இனமொழி. 'பாலம் எது?' என்று வினவிய வழி விரலை நீட்டி 'இது' என்பது சுட்டு.

நேரடியாக விடையாகும் முதல் மூன்றனைத் தவிர, எஞ்சிய ஐந்தினையும் பொருளால் விடையாக ஏற்கவேண்டும் என்பது நன்னூலின் கொள்கை. வகுப்பறையில் 'கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை' என ஒதுக்கப்படும் மறுமொழிகள் பல இவ்வைந்தனுள் அடங்குவன. 'சட்டை நனைஞ்சுடும்' என்ற குழந்தை வினாவைப் புரிந்துகொண்டது. தாண்டுவதன் விளைவை எண்ணியது. அவ்விளைவைக் கூறுவதே மறுப்பாகும் என்பதையும் அறிந்திருந்தது. 'மாட்டேன்' என்பதினும் இது மேம்பட்ட மொழித்திறன். இதனைத் தவறென ஒதுக்குவோர் குழந்தையின் திறனை மட்டுமன்றித் தமிழிலக்கணத்தின் கொள்கையையும் மறந்தவராவர்.

ஆகவே ஒரு பங்கேற்புப் படநூலை மதிப்பிடும்போது, அதன் வினாக்கள் எட்டனுள் எத்தனை விடைகளைத் தாங்கும் என வினவுதல் தகும். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றோடு நின்றுவிடும் நூல் தொடக்கநிலை நூல். இறுதி ஐந்தனுக்கும் இடமளிப்பது நிறைவுடைய நூல்.

5. இரு நூல்கள்

மஞ்சுளா பத்மநாபன் எழுதி வரைந்து தூலிகா வெளியிட்ட 'ஐ ஆம் டிஃபரண்ட்! கேன் யூ ஃபைண்ட் மீ?' என்னும் நூல் இவ்வளவுகோலுக்கு ஏற்ற முதற் சான்று. பக்கந்தோறும் ஒத்த உருவங்கள் பல. அவற்றுள் ஒன்று மட்டும் வேறுபட்டது. 'என்னைக் கண்டுபிடிக்க முடியுமா?' என்னும் பொருள்படும் வினா இந்தியாவில் வழங்கும் 16 மொழிகளில் இடம்பெறுகிறது.

இந்நூல் வேண்டும் விடை சுட்டு. குழந்தையின் விரலே விடை. இதனைக் குறை எனக் கொள்ளற்க. கன்னடம், தமிழ், உருது, தெலுங்கு பேசும் வீடுகளிலிருந்து வரும் குழந்தைகள் ஒரே பாயில் அமரும் பெங்களூர் போன்ற நகரின் வகுப்பறையில், எம்மொழிக்கும் உரிமையாகாத விடையை வேண்டும் நூல் எல்லாக் குழந்தைகளையும் ஒருசேர அழைக்கிறது. வினா மொழிதோறும் மாற விடை மாறாதிருப்பது, மொழிவேறுபாடு என்பதையே குழந்தைக்கு உணர்த்தும் நல்லதோர் உத்தி. ஆயினும் விரல் நீண்டவுடன் வினா முடிந்துவிடுகிறது. வேறுபட்ட உருவம் எவ்வாறு வேறுபட்டது, ஏன் வேறுபட்டது என உரையாடலை வளர்க்கும் பொறுப்பு உடனிருக்கும் பெரியவர்மேல் விழுகிறது. அவர் அதனை ஏற்காவிடின் பக்கங்கள் விரைவில் தீர்ந்துவிடும்.

ரோகிணி நிலேகணி எழுதி, ஆஞ்சி, உபேஷ் ஆகியோர் வரைந்து பிரதம் புக்ஸ் வெளியிட்ட 'தி ஆன்யுவல் ஹேர்கட் டே' இதற்கு மறுதலையானது. ஆண்டுக்கு ஒருமுறை முடிவெட்டிக்கொள்ளும் சிருங்கேரி சீனிவாசன், அந்நாளில் ஒருவர் பின் ஒருவராக அணுகி வேண்டுகிறார், ஒவ்வொருவரும் மறுக்கின்றனர். இக்கதையின் ஈர்ப்பு குழந்தையை நோக்கிய வினாவில் இல்லை. வேண்டுதலும் மறுத்தலும் மீண்டும் மீண்டும் வரும் அடுக்கமைப்பில் உள்ளது. மூன்றாம் முறை வேண்டுதல் எழும்போது மறுப்பு வரும் என்பதைக் கேட்கும் குழந்தை அறிந்துவிடுகிறது. அவ்விடத்தில் படித்துக்காட்டுபவர் சற்றே நிறுத்தினால் போதும். கருவியைக் காட்டியும், வேலையைக் காட்டியும், திருப்பி ஏவியும் மறுப்பை எத்தனை வகையாகச் சொல்லலாம் எனக் குழந்தை தானே சொல்லிப் பார்க்கலாம்.

வினாக்குறி மிகுந்த நூல் சுட்டோடு நிற்கவும், வினாக்குறி நோக்காத நூல் எட்டு விடைக்கும் இடமளிக்கவும் காண்கிறோம். பங்கேற்பு என்பது நூலில் அச்சாகியுள்ள வினாவில் மட்டும் இல்லை. விடை எழக்கூடிய இடைவெளியிலும் உள்ளது.

6. மொழிபெயர்ப்பில் முன்னிலையும் உளப்பாடும்

இந்தியப் படநூல்கள் பல ஒரு மொழியில் எழுதப்பெற்றுப் பிற மொழிகளுக்குச் செல்வன. பங்கேற்பை உண்டாக்கும் தொடர்களே மொழிபெயர்ப்பில் மிகுந்த மாற்றமுறுகின்றன.

மேற்காட்டிய 'கேன் யூ ஃபைண்ட் மீ?' என்னும் ஆங்கிலத் தொடர் வடிவத்தால் ஆற்றல் பற்றிய வினா. நோக்கத்தால் ஏவல் வினா. 'உன்னால் என்னைக் கண்டுபிடிக்க முடியுமா?' என அப்படியே தமிழாக்கினால் ஆற்றற்பொருள் மேலோங்குகிறது. 'முடியாது' எனக் குழந்தை விடையிறுத்தால் அது முறையான மறைவிடை. விளையாட்டு அங்கேயே முடிந்துவிடும். 'என்னைக் கண்டுபிடி, பார்க்கலாம்!' என்பது தமிழின் இயல்பான அறைகூவல். ஏவலோடு 'பார்க்கலாம்' அல்லது 'பார்ப்போம்' சேர்ந்த இவ்வமைப்பு, வீட்டில் குழந்தையைச் சொல்லவும் செய்யவும் தூண்டும்போது நாள்தோறும் வழங்குவது. வினாவை வினாவாகவே பெயர்க்கவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. பேச்சுச் செயலைப் பெயர்த்தலே மொழிபெயர்ப்பு.

ஆங்கில முன்னிலைப் பெயர் ஒருமை, பன்மை வேறுபாடற்றது. தமிழில் 'நீ', 'நீங்கள்' என ஒன்றைத் தெரிந்தாக வேண்டும். 'குழந்தைகளே, பாருங்கள்' என விளிக்கும் நூல் வகுப்பறையை எண்ணியது. மடியிலிருக்கும் ஒரு குழந்தைக்கு அது மேடைப் பேச்சாகிவிடும். 'நீ' என விளிக்கும் நூல் மடிக்குப் பொருந்தும். முப்பது பேர் முன் ஒருவரை மட்டும் சுட்டுவதாகும். எழுவாயை விடுத்து, 'பூனை எங்கே?', 'போகலாமா?' என்றாற்போல அமைக்கும் தொடர்கள் இரு சூழலுக்கும் ஒத்துவருவன.

தன்மைப் பன்மையில் இவ்வேறுபாடு இன்னும் ஆழமானது. முன்னிலையாரை உளப்படுத்தும் 'நாம்', உளப்படுத்தாத 'நாங்கள்' என்னும் வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. இந்தி 'ஹம்' என்பதிலும் இல்லை. தமிழின் இனமொழியாகிய இக்காலக் கன்னடத்தின் 'நாவு' என்பதிலும் இல்லை. தெலுங்கும் மலையாளமும் இதனைப் போற்றுகின்றன. ஆகவே ஆங்கிலம், இந்தி, கன்னடம் ஆகியவற்றிலிருந்து தமிழாக்குவோர் மூலத்தில் இல்லாத ஒரு முடிவைத் தாமே எடுக்கவேண்டியவராகின்றனர். 'நாங்கள் சந்தைக்குப் போகிறோம்' என்றால் கதைமாந்தர் செல்கின்றனர். குழந்தை திண்ணையில் நின்று பார்க்கிறது. 'நாம் சந்தைக்குப் போகிறோம்' என்றால் குழந்தையும் உடன் நடக்கிறது. வினைமுற்றின் விகுதி இரண்டுக்கும் ஒன்றே. பெயரை விட்டுவிட்டால் வேறுபாடும் மறைகிறது. குழந்தை கதைக்கு உள்ளே இருப்பதா, வெளியே இருப்பதா என்பதை இங்கு ஒரு சொல்லே முடிவு செய்கிறது.

7. இரட்டை வழக்கும் குழந்தையின் பேச்சும்

ஃபெர்குசன் 1959-இல் இரட்டை வழக்கு என்னும் கருத்தை வரையறுத்த பின்னர், தமிழ் அதற்குரிய சான்றாகப் பலராலும் ஆராயப்பட்டது. பங்கேற்புப் படநூலில் இச்சிக்கல் தனியொரு வடிவம் பெறுகிறது. வினா எழுத்துவழக்கில் எழுகிறது. விடையோ பேச்சுவழக்கில்தான் வரமுடியும். 'பூனை அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது' என எந்த மூன்று வயதுக் குழந்தையும் இயல்பாகச் சொல்வதில்லை. 'அலமாரி பின்னால' என்றே சொல்லும். 'முழு வாக்கியமாகச் சொல்' எனத் திருத்தும் பெரியவர் விடையை விட்டு வடிவத்தைப் பற்றுகிறார். அடுத்த பக்கத்தில் குழந்தை பேசத் தயங்கும். ஹீத் கண்ட பேசாமை தமிழில் இவ்வழியாகவும் வரலாம்.

முழுநூலையும் பேச்சுவழக்கில் எழுதுதல் ஒரு தீர்வு; ஆயின் எவ்வட்டாரத்தின் பேச்சு என்னும் வினா உடனே எழும். பேச்சுவழக்குக்கும் எழுத்துவழக்குக்கும் வேறுபாடு மிகுந்திருப்பது வினைமுற்று, வினையெச்சம், வேற்றுமை விகுதிகள் ஆகியவற்றில். குறைந்திருப்பது வினையில்லாப் பெயர்த்தொடர்களில். 'இது யார்?', 'பூனை எங்கே?', 'எத்தனை வாழைப்பழம்?' என்பன சிறு ஒலிவேறுபாட்டோடு இரு வழக்கிலும் ஒன்றே. தமிழ்ப் பெயர்ப்பயனிலைத் தொடர் வினையை வேண்டுவதில்லை என்னும் இயல்பு படநூலாசிரியர்க்குக் கிட்டிய பெருவாய்ப்பு.

இரட்டைக்கிளவியும் அத்தகையதே. தடதட, சலசல, குடுகுடு, மடமட என்பன பிரித்தால் பொருள் தாரா எனத் தொல்காப்பியம் இவற்றின் இயல்பை வரையறுத்தது. இவை எழுத்திலும் பேச்சிலும் மாறாதவை. எழுத்தறியாக் குழந்தையும் பிழையின்றிச் சொல்லத்தக்கவை. உடல் எழுப்பும் ஒலிகளைப் பொருளாகக் கொண்டு நோனி எழுதிய 'லிசன் டு மை பாடி' என்னும் பிரதம் புக்ஸ் நூல் போன்றவை தமிழில் சிறக்க இவ்வளம் துணைசெய்யும். ஆங்கில ஒலிக்குறிப்புகளை எழுத்துப்பெயர்ப்பாகத் தருவது இவ்வளத்தைக் கைவிடுவதாகும்.

பெங்களூர்த் தமிழ்க் குழந்தையை எண்ணும்போது இவ்வினா கூர்மையடைகிறது. வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும், பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ வழங்கும் குழந்தைக்குத் தமிழ் அச்சுநூல் எதிர்ப்படும் இடம் மிகக் குறைவு. அதன் பெற்றோருள் தமிழ் பேசி, தமிழ் எழுத்தறியாதாரும் உளர். பூனைப் படத்தைக் கண்டு அக்குழந்தை 'பெக்கு' எனக் கன்னடச் சொல்லால் விடையளிக்கக்கூடும். அதுவும் விடையே, 'ஆமாம், பூனை' என ஏற்று விரிப்பதே முறை. திருத்தம் பின்னர் வரலாம். முதற்கண் வேண்டுவது ஏற்பு.

பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பர் 8-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்னும் இணையத் தொகுப்பு இங்குக் கருதத்தக்கது. 24 மொழிகளில் 800 கதைகளோடு தொடங்கிய அத்தொகுப்பின் நூல்களைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் எவரும் படிக்கலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றியமைக்கலாம். அச்சு நூலின் அடுத்த பக்கம் முன்னரே முடிவானது என மேலே கூறப்பட்ட இடர்ப்பாட்டுக்கு இவ்வுரிமம் ஓரளவு மருந்தாகிறது. ஒரு வினாவை மாற்றவும், 'நாங்கள்' என்பதை 'நாம்' ஆக்கவும் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் வழி திறந்துள்ளது. ஆயினும் மொழிபெயர்ப்பு எளிதாவதால் பேச்சுச் செயல் பற்றிய கவனம் தானே வந்துவிடாது; தேர்ந்த பதிப்பாசிரியரின் கண் அங்கும் வேண்டும். எழுத்துகள் ஒளிர, பதிவுசெய்த குரல் படித்துக்காட்டும் காணொளி வடிவம் எழுத்தறியாப் பெற்றோர்க்கு உதவும். எனினும் பதிவுக்குரல் விடைக்குக் காத்திருப்பதில்லை. பங்கேற்பு நூலில் காத்திருப்பதே பாதி வாசிப்பு.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பெறப்படுவன வருமாறு:

அ) பங்கேற்புப் படநூலின் தரம் அதன் வினாக்களின் எண்ணிக்கையால் அன்று, அவை தாங்கும் விடைவகைகளால் அளக்கத்தக்கது.

ஆ) சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் தொடக்கத்துக்கு இன்றியமையாதன. அவற்றோடு நின்றுவிடாமல் ஏனைய ஐந்தனுக்கும் இடைவெளி விடுதல் நூலாசிரியர் கடமை. அவ்விடைகளை விடையாக ஏற்றல் ஆசிரியர், பெற்றோர் கடமை.

இ) மொழிபெயர்ப்போர் முன்னிலையின் எண்ணையும் தன்மைப் பன்மையின் உளப்பாட்டையும் தனியே எண்ணி முடிவு செய்தல் வேண்டும்.

ஈ) எழுத்துவழக்கும் பேச்சுவழக்கும் ஒன்றும் இடங்களாகிய பெயர்த்தொடர், இரட்டைக்கிளவி ஆகியவற்றைக் குழந்தை சேர்ந்து சொல்லும் பகுதிகளுக்குப் பயன்கொள்ளுதல் நலம்.

ஆசிரியப் பயிற்சி நிறுவனங்கள் நன்னூலின் வினா, விடை நூற்பாக்களைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யவேண்டிய பட்டியலாக மட்டும் கற்பிக்காமல், குழந்தையின் பேச்சைக் கேட்டறியும் கருவியாகவும் கற்பித்தால் பெரும்பயன் விளையும். 'கால் வலிக்குது' என்று சொல்லும் குழந்தை விடை சொல்லிவிட்டது என்பதை அறிந்த ஆசிரியரிடமே படநூலின் வினா நிறைவு பெறும்.